கட்டிலுக்கு அடியில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஹிக்கரி தெருவின் கிறிஸ்துமஸ் மொத்தமும் அந்தத் தெருவின் ஒரே யூத வீட்டில்தான் ஒளிந்திருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? யோசித்துப் பாருங்கள், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு கிடையாது. பிள்ளைகள் பொல்லாதவர்கள். பரிசு எங்கே என்று அலமாரி, பரண், நிலவறை, கார் டிக்கி வரைக்கும் துழாவிவிடுவார்கள். ஆனால் செல்டா பெர்ல்மட்டரின் வீட்டில் போய்த் தேட வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. சைவ ஓட்டலில் யாராவது மீன் குழம்பைத் தேடுவார்களா?

ஆகவே முதல் வாரத்திலிருந்தே தெருவின் அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கோட்டுக்குள் எதையாவது மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்கள். பொம்மை வீடு மாடிப்படிக்கு அடியில். ரயில் செட்டு துணி அலமாரியில். பேஸ்பால் மட்டைகள் குளியலறைக் கதவுக்குப் பின்னால். செல்டாவின் ஒன்பது வயது மகள் மால்காவின் கட்டிலுக்கு அடியிலும் எப்போதும் ஏதாவது இருக்கும். மற்றவர்கள் வீட்டுச் சந்தோஷத்தின் மேலே படுத்துத் தூங்குவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

செருப்புக்கடை வைத்திருந்த அவள் அப்பா ஹைமனுக்கு இதில் சிரிப்பும் எரிச்சலும் பாதிப் பாதி. "வருஷம் பூரா நம்மளைப் பாத்தா தலையை மட்டும் ஆட்டறாங்க. டிசம்பர் வந்தா மட்டும் மூட்டையோட வர்றாங்க" என்பார்.

"நம்பிக் குடுக்கறாங்க. அது சாதாரண விஷயமா?" என்பாள் செல்டா. அவளுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி மட்டும் அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. "ராத்திரி வீட்டுக்குள்ள முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை இறங்கினா போலீஸைக் கூப்பிடணும். இவங்க பாலும் பிஸ்கட்டும் வச்சு வரவேற்கறாங்க" என்று முணுமுணுப்பாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் முணுமுணுப்பாள்.

மால்காவுக்கு ஐந்து வயதானபோது செல்டா அவளை மடியில் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டாள். யூத வீடுகளில் எல்லா அம்மாக்களும் ஒருநாள் இதைச் சொல்லியாக வேண்டும். "அப்படி ஒரு தாத்தாவே கிடையாது. அவங்கவங்க அப்பா அம்மாதான் வாங்கி வைக்கறாங்க. ஆனா வெளியில மூச்சு விடக் கூடாது, கேட்டியா? விட்டேன்னு வை, நம்ம பிள்ளைங்க கிறிஸ்துமஸைக் கெடுத்தது அந்த யூதப் பொண்ணுன்னு ஊரே பேசும்."

பாவம், பிள்ளைகளுக்கு இதைப்போல ஒரு தண்டனை உண்டா? ஊர்ப் பிள்ளைகள் யாருக்கும் தெரியாத ரகசியத்தை ஐந்து வயதில் வாயில் திணித்து, துப்பவும் கூடாது விழுங்கவும் கூடாது என்றால் எப்படி? மால்கா கட்டிக்காத்தாள். வகுப்பில் எல்லோரும் தாத்தாவுக்குப் படம் வரைந்தபோது அவளும் ஒரு பனிமனிதனை வரைந்து ஒப்பேற்றினாள். பள்ளி நாடகத்தில் வருஷா வருஷம் அவளுக்கு ஆடு வேஷம். ஆட்டுக்கு மதம் கிடையாது என்று டீச்சர் கண்டுபிடித்திருந்தாள். "உங்க வீட்டுக்கு மட்டும் தாத்தா ஏன் வர்றதில்லை, நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?" என்று ஒரு பையன் கேட்டபோது பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

அவளுடைய உயிர்த்தோழி எதிர்வீட்டு நோரீன் காலஹர். இரண்டு பேரும் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் பண்டிகை பேச்சுதான்.

"உங்க ஹனுக்கா பண்டிகைக்கு எட்டு நாளும் பரிசாமே?" என்று நோரீன் பொறாமையோடு ஆரம்பிப்பாள்.

"ஆமா."

"நேத்து என்ன குடுத்தாங்க?"

"ஷூ லேஸ்."

"முந்தாநாள்?"

"பாலிஷ். பிரவுன் கலரு."

"இன்னிக்கு?"

"பிரஷ்ஷா இருக்கும்னு நினைக்கிறேன்."

நோரீனின் பொறாமை அத்தோடு தீர்ந்துவிடும். அப்புறம் அவளே ஆறுதலாக வேறு பக்கம் போவாள். "சரி, எங்களுக்கு ஏசு பொறந்தாரு. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எண்ணெய் தீரலை."

"அவ்வளவுதானா?"

"கோயில் விளக்குல ஒரு நாளைக்குத்தான் எண்ணெய் இருந்துச்சு. எட்டு நாள் எரிஞ்சுதாம்."

"எங்கம்மாகிட்ட சொன்னா அது எந்தக் கம்பெனி எண்ணெய்னு கேப்பா."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நோரீன் வீட்டில் டிசம்பர் முழுக்கப் பைன் மர வாசனை. மால்கா வீட்டில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கிற லாட்கே வாசனை. அது அவள் கோட்டில் ஏறி உட்கார்ந்தால் பிப்ரவரி வரை இறங்காது. கிறிஸ்துமஸ் சொன்ன தேதிக்கு வந்து நிற்கும். ஹனுக்காவோ மாமா வீட்டு விருந்தாளி மாதிரி, ஒரு வருஷம் நவம்பரிலேயே வந்து கதவைத் தட்டும், ஒரு வருஷம் காக்க வைத்துக் கடைசியில் வரும். நேரத்துக்கு வந்ததாக யாரும் சொல்லி மால்கா கேட்டதில்லை.

அந்த வருஷம் ஹனுக்கா தாமதம். கிறிஸ்துமஸும் அதுவும் ஒரே வாரத்தில் மோதிக்கொண்டன. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மால்காவின் அறையில் தோழிகள் இருவரும் ஹனுக்கா பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவருக்குச் சாக்லேட் காசு. நோரீன் விட்ட பம்பரம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மால்கா "இரு, நான் எடுக்கறேன்" என்று எழுவதற்குள் நோரீன் தரையோடு தரையாக உள்ளே புகுந்துவிட்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

"மால்கா, இங்க ஒரு சறுக்குவண்டி இருக்கு."

மால்கா அவள் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சிவப்பு. பக்கத்துல மஞ்சள் கோடு. எங்க தம்பி டெனி பெரிய கடைக்கு வந்த கிறிஸ்துமஸ் தாத்தா காதுல இதைத்தான் கேட்டான்."

"அது எனக்கு வாங்கினது."

"உனக்கா?" நோரீனின் தலை வெளியே வந்தது. "உங்கப்பா ஷூ லேஸ் குடுக்கறவரு."

மெழுகுத்தாளில் அரைகுறையாகச் சுற்றிய வண்டியின் மேல், நோரீனின் அப்பா மட்டுமே போடுகிற அந்த முரட்டு முடிச்சு இருந்தது. நோரீன் முட்டாள் அல்ல. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வருஷமாகப் பின்னோக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்ப தாத்தா இல்லையா?"

"நான் எதுவும் சொல்லலை."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அஞ்சு வயசுலேர்ந்து."

"என்கிட்டகூடச் சொல்லலையே நீ!"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

நோரீன் கொஞ்ச நேரம் அழுதாள். மால்கா தான் ஜெயித்த சாக்லேட் காசையெல்லாம் அவள் மடியில் கொட்டினாள். அழுது முடித்ததும் டெனியிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவனுக்கு ஆறு வயதுதானே. நோரீன் நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள். "உங்க ஆளுங்க எப்படிச் சத்தியம் பண்ணுவீங்க?" என்றாள்.

"நாங்க சொன்னா சொன்னதுதான்" என்றாள் மால்கா.

நோரீன் போனதும் மால்கா நேரே சமையலறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தாள். செல்டாவின் முகம் வெளுத்தது. "நீ ஏதாவது சொன்னியா?" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லலைம்மா. அவளே கண்டுபிடிச்சுட்டா."

"அந்தச் சனியனை உன் ரூம்ல வச்சது என் தப்பு" என்று சொல்லி, செல்டா அவள் உச்சியில் முத்தமிட்டாள். "நீ நல்ல பொண்ணு."

அன்றிரவு மால்காவுக்கு அப்படியொரு நிம்மதி. நான்கு வருஷமாகத் தனியாகச் சுமந்ததைத் தூக்க இன்னொரு கை வந்துவிட்டது. அதுவும் நோரீனின் கை. இனிமேல் பள்ளியில் யாராவது தாத்தாவைப் பற்றிப் பேசினால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய ஹனுக்கா பரிசு அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை, அது அப்பாவின் கடையிலிருந்தும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம். செல்டா லாட்கே பொரித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. மால்கா திறந்தாள். நோரீனின் அம்மா கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு பனியில் நின்றிருந்தாள்.

"செல்டா, ஒரு நிமிஷம்" என்று மால்காவின் தலைக்கு மேலாகக் கூப்பிட்டாள். "சொல்றதுக்கே சங்கடமா இருக்கு. உங்க பொண்ணு நோரீன்கிட்ட தாத்தா கிடையாதுன்னு சொல்லிருக்கா. இன்னிக்கு நோரீனுக்கும் டெனிக்கும் சண்டை. கோவத்துல இவ போய் டெனிகிட்ட, 'தாத்தாவாவது பூத்தாவாவது, மால்காவைக் கேளு, அவதான் சொன்னா'ன்னு உடைச்சுட்டா. மத்தியானத்துலேர்ந்து அழறான். சாப்பிடலை."

மால்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ வேறு மால்காவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தாள்.

"நானா? ஆன்ட்டி, நான் சொல்லலை. அவளேதான்..."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்றாள் செல்டா.

அடுப்பை அணைத்து, கையை ஏப்ரனில் துடைத்து, வாசலுக்கு வருவதற்குள் அந்த மன்னிப்பு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அவள் மால்காவின் பக்கம் திரும்பவே இல்லை. "ரொம்ப ரொம்ப மன்னிச்சுக்கோங்க. எத்தனை தடவை சொல்லி வளர்த்திருக்கேன்!"

"அம்மா!"

செல்டாவின் கை மால்காவின் தோளைப் பிடித்தது. அந்தப் பிடியின் அர்த்தம் வாயை மூடு என்பதுதான்.

"பரவாயில்லை, குழந்தைதானே" என்றாள் நோரீனின் அம்மா. கெட்டவள் என்று அவளைச் சொல்ல முடியாது. உண்மையிலேயே பெருந்தன்மையாகத்தான் பேசினாள். "உங்க வீட்டுல இதெல்லாம் இல்லை. அவளுக்கு இதோட அருமை எப்படித் தெரியும்? மத்த வீட்டுக்காரங்ககிட்ட நான் மூச்சு விடலை. ஒண்ணே ஒண்ணு, அவளே வந்து டெனிகிட்ட சொல்லிட்டா அவன் நம்பிடுவான்."

செல்டா அடுப்படிக்குப் போனாள். பொரித்த லாட்கேவைத் தட்டில் அடுக்கி, ஆப்பிள் கூழை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மால்காவுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். பொத்தான் போடும்போதுகூட அவள் கண் பொத்தானை விட்டு மேலே வரவில்லை.

எதிர்வீட்டில் மரம் கூரையை முட்டிக்கொண்டு ஜிலுஜிலு என்று நின்றது. அடியில் மாட்டுத்தொழுவப் பொம்மைகள். டெனி சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்தான். மூக்கு மட்டும் சிவப்பாக வெளியே தெரிந்தது. நோரீன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மால்கா அவளைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா, மால்கா சொல்லலை, நானேதான் பாத்தேன். ஐந்து வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நோரீன் தன் செருப்பில் இருந்த குஞ்சத்தை ஒவ்வொரு நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மால்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நேற்று சமையலறையில் நின்று ஒன்றுவிடாமல் கேட்டவள். இந்த அறையில் அவளுக்கென்று ஒரு ஆள் இருக்கிறது என்றால் அது அம்மாதான்.

"சொல்லு கண்ணு" என்றாள் செல்டா. "சொல்லிடு."

மால்கா சோபாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "டெனி, தாத்தா இருக்காரு. நான் சொன்னது பொய்."

சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். அதைப் பொய் என்றாள். இல்லாத ஒருவரை இருப்பதாகச் சாட்சி சொன்னாள். ஒன்பது வயதுக்கு ஒரே மூச்சில் இது கொஞ்சம் அதிகம்தான். அதுவும் யாருடைய வீட்டுக்கு அந்தத் தாத்தா ஒருநாளும் வந்ததில்லையோ அவள் வாயால்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப்பார்த்தது. "நெஜமா?"

"நெஜமா."

"அப்ப ஏன் இல்லைன்னு சொன்ன?"

குழந்தை கேட்ட கேள்வி நியாயமானதுதான். பெரியவர்கள் இருவரும் மால்காவின் வாயையே பார்த்தார்கள். படியில் நோரீனின் விரல்கள் நின்றுவிட்டன. மால்கா மூளையைக் கசக்கி, இவர்களெல்லாம் எதை நம்புவார்கள் என்று யோசித்தாள். உடனே கிடைத்துவிட்டது.

"பொறாமை" என்றாள். "எங்க வீட்டுக்கு வர மாட்டாருல்ல, அதான்."

அந்த அறையே மூச்சு விட்டது. "அடப் பாவமே!" என்று நோரீனின் அம்மா நெஞ்சில் கை வைத்து, மால்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சுலபமாக நம்பினார்கள்! வாசலில் அவள் சொல்ல வந்த உண்மையை யாரும் கேட்கவில்லை. இந்தப் பொய்யை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். டெனி போர்வையை உதறிவிட்டு எழுந்து ஒரு லாட்கேவை எடுத்துக் கடித்தான்.

"நான் வேணா தாத்தாகிட்ட சொல்றேன், உங்க வீட்டுக்கும் வரச் சொல்லி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்டாவும் சிரித்தாள். அம்மாவின் அந்தச் சிரிப்பை மால்கா அதற்கு முன் கேட்டதில்லை. கடையில் அப்பா வாடிக்கையாளர்களிடம் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

திரும்பும்போது நோரீனின் அம்மா தட்டு நிறைய மர வடிவ பிஸ்கட்டை அடுக்கிக் கொடுத்தனுப்பினாள். வேலிக் கதவருகே நோரீன் ஓடி வந்தாள். செல்டா அவர்கள் பேசட்டும் என்று நாலடி முன்னால் போய் நின்றாள்.

"கோவமா?" என்றாள் நோரீன்.

"ஏன் என் பேரைச் சொன்ன?"

"டெனி என் பொம்மை கையை உடைச்சுட்டான்டி. கோவத்துல வாயில வந்துடுச்சு."

"சரி. அம்மா கேட்டப்ப?"

நோரீன் கொஞ்சம் யோசித்தாள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. உள்ளது உள்ளபடிதான் சொன்னாள். "நீன்னு சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும். கேக்கவும் இல்லை பாரு. நானே பாத்தேன்னு சொன்னா எனக்குக் கிறிஸ்துமஸே கிடையாதுன்னு அம்மா சொல்லிருப்பா. உனக்குத்தான் கிறிஸ்துமஸே இல்லையே. உனக்கு என்ன நஷ்டம்?"

"நீ சத்தியம் பண்ண."

"அதுக்கு ஞாயித்துக்கெழமை சாமியார்கிட்ட பாவமன்னிப்பு கேட்டுடறேன். சரியாயிடும்" என்றாள் நோரீன். "நாளன்னிக்கு சறுக்குவண்டி ஓட்ட வா, என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

மால்காவுக்கு அழுகை வரவில்லை. சாமியார் மன்னிப்பார், சரி. அந்த மன்னிப்புக் கணக்கில் தன் பேர் எங்கே வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சொன்னா சொன்னதுதான் என்று இவளைப் போன்றவளிடம் போய்ச் சொன்னோமே என்று மட்டும் இருந்தது.

அம்மாவும் பெண்ணும் தெருவைக் கடந்தார்கள். சாலை முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. செல்டாவுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி நடையே துள்ளியது.

"ரொம்ப நல்லா சொன்னடி" என்றாள். "அந்தப் பொறாமைன்னு ஒண்ணு சொன்ன பாரு! எப்படித் தோணிச்சு உனக்கு? எனக்கே தோணலை."

மால்கா நின்றுவிட்டாள். "நேத்து நான் உன்கிட்ட எல்லாம் சொன்னேன்ல?"

"சொன்ன."

"நான் அவகிட்ட எதுவும் சொல்லலைன்னு உனக்குத் தெரியும்."

செல்டாவின் துள்ளல் போய்விட்டது. பிஸ்கட் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன்?"

"நான் என்னடி பண்ணட்டும்? உங்க பொண்ணுதான் பொய் சொல்றான்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லட்டுமா? அடுத்த வருஷத்துலேர்ந்து இந்தத் தெருவுல ஒருத்தி மூட்டையோட வர மாட்டா. அப்பா கடைக்கு எவ வருவா? சொன்னாலும்தான் யாரு நம்புவா?"

நோரீன் சொன்னதும் இதைத்தான். வார்த்தைதான் கொஞ்சம் வேறு. தோழி போனால் வேறு தோழி கிடைப்பாள். நான்காம் வகுப்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அம்மாவை எங்கே போய்த் தேடுவது?

"யாரும் நம்ப வேண்டாம்மா" என்றாள் மால்கா. குரல் இப்போதுதான் உடைந்தது. "நீ நம்பறேன்னு அங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. எனக்கு அது போதும்."

தெருவின் எல்லா ஜன்னல்களிலும் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன. யாராவது பார்க்கிறார்களா என்று செல்டா ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டதை மால்கா கவனித்தாள்.

"வா, வழுக்கும்" என்று செல்டா கையை நீட்டினாள். "கையைப் பிடிச்சுக்கோ."

மால்கா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். விழுந்தால் விழட்டும் என்று, அம்மாவுக்கு நாலடி தள்ளித் தனியாக நடந்தாள்.